கிறிஸ்டியா ஃபிரீலாண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவர் யார்? அவசரத்துக்கு ஒரு பதில் போதும்.

கனடாவின் முதல் பெண் நிதியமைச்சர். அதற்கு முன் வெளிநாட்டமைச்சர், அதற்கும் முன் சர்வதேச வர்த்தக அமைச்சர். 2019 நவம்பரிலிருந்து 2024 டிசம்பர் வரை துணைப் பிரதமர். 2013 வரை ஊடகவியலாளர். கியேவ், மொஸ்கோ, லண்டன், ரொறன்ரோ, நியூயோர்க் என்று ஊர் ஊராகச் செய்தி எழுதியவர். தேர்தலில் நின்றபோது வயது 45.

கனடாவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு இவரை இரண்டு விஷயங்களால்தான் ஞாபகம்: நாளுக்கு 10 டொலர் டேகேர் (பிள்ளைகள் பராமரிப்பு நிலையம்), அப்போதைய பிரதமர் ட்ரூடோவுக்கு எழுதிய கடிதம். இரண்டையும் கீழே கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

கனடாக்காரரா, உக்ரைன்காரரா?

பிறந்தது அல்பேர்ட்டா மாகாணத்தின் வடக்கே பீஸ் ரிவர் என்ற சின்ன ஊரில், 1968 ஓகஸ்ட் 2. தகப்பன் விவசாயி, வழக்கறிஞரும்கூட. தாயும் வழக்கறிஞர். தாய் பிறந்தது இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜேர்மனியில் இருந்த அகதி முகாமில். அந்த உக்ரைன் குடும்பம் அங்கிருந்து கனடா வந்து சேர்ந்தது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு தாய் உக்ரைனுக்குப் போய் அங்கே சட்ட அமைப்புகளைக் கட்டியெழுப்பும் வேலையில் இறங்கினார்.

வீட்டில் உக்ரைன் மொழி. பிள்ளைகளோடும் அதே மொழியில்தான் கதைப்பார். இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் சனிக்கிழமை காலையில் பிள்ளையைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டு ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை வரிசையில் நிற்பவர்கள்தானே. விட்டு வந்த நாட்டின் மொழியைக் குளிர்தேசத்தில் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று இன்னொருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உக்ரைன், ஆங்கிலம் தவிர ரஷ்ய மொழி, பிரெஞ்சு, இத்தாலியன் என மொத்தம் ஐந்து மொழிகள் இவருக்குக் கைவசம்.

சோவியத் உளவுத்துறையான கேஜிபி இவரை வேவு பார்த்தது உண்மையா?

உண்மை. சங்கேதப் பெயர்கூட வைத்திருந்தார்கள்: ஃப்ரீடா.

ஹார்வர்டில் ரஷ்ய வரலாறும் இலக்கியமும் படித்துக்கொண்டிருந்தபோது 1988-89இல் பரிமாற்ற மாணவியாகக் கியேவ் போனார். நகரத்துக்கு வெளியே பிகிவ்னியா காட்டில் ஆயிரக்கணக்கானோரைப் புதைத்த குழிகள் இருந்தன. நாஜிகள் கொன்றவர்கள் என்பது சோவியத் அரசின் கதை. ஸ்டாலினின் இரகசியப் பொலிஸ்தான் கொன்றது என்பது ஊர்ச் சனத்துக்குத் தெரியும். வாய் திறக்கத்தான் பயம். அங்கே வந்த நியூயோர்க் டைம்ஸ் நிருபருக்கு மொழிபெயர்த்து, ஊராரிடம் பேச்சுக் கொடுத்து உண்மையை வெளியே கொண்டுவர உதவியவர் இந்த இருபது வயது மாணவி. தொலைபேசியை ஒட்டுக்கேட்டார்கள், பின்தொடர்ந்தார்கள், பத்திரிகையில் திட்டி எழுதினார்கள். இவரைப் பற்றி எழுதிய கேஜிபி அதிகாரியே இவருடைய கெட்டித்தனத்தை மெச்சாமல் விடவில்லை. ஆவணக் கிடங்கிலிருந்த அந்தக் கதை 2021இல்தான் வெளியே வந்தது.

என்னைக் கேட்டால் இவருடைய ஊடக வாழ்க்கை அந்தக் காட்டில்தான் தொடங்கியது. சம்பளம் மட்டும்தான் பிறகு வந்தது.

பத்திரிகைத் துறையில் என்ன செய்தார்? பெயருக்கு எழுதினவரா?

இல்லை, அடிமட்டத்திலிருந்து வந்தவர். உக்ரைனிலிருந்து ஃபைனான்சியல் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், எக்கொனொமிஸ்ட் என்று கட்டுரைக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதினார். இடையில் ரோட்ஸ் உதவித்தொகையில் ஒக்ஸ்ஃபோர்டில் படிப்பு. பிறகு ஃபைனான்சியல் டைம்ஸின் மொஸ்கோ அலுவலகத்துக்குத் தலைமை.

அங்கே இவர் கண்ட காட்சிதான் பிற்கால அரசியலுக்கும் அடித்தளம். 1995இல் ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சினின் அரசிடம் காசில்லை. சில வங்கிக்காரர்கள் கடன் கொடுக்க முன்வந்தார்கள், ஈடாக அரசாங்கத்தின் எண்ணெய், உலோகக் கம்பனிகளின் பங்குகளைக் கேட்டார்கள். அரசால் கடனைத் திருப்ப முடியாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஏலத்தை நடத்தியவர்களும் கடன் கொடுத்தவர்களே, ஏலத்தில் எடுத்தவர்களும் அவர்களே. அடகுக்கடைக்காரர் தானே விலை போட்டு, தானே நகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போன மாதிரி. உலகின் மிகப் பெரிய நிக்கல் நிறுவனங்களில் ஒன்றான நொரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதம் வெறும் 17 கோடி டொலருக்குக் கைமாறியது. இந்தக் கூத்தைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய இவருடைய முதல் நூல் 2000இல் வந்தது.

பிறகு ரொறன்ரோவில் குளோப் அன்ட் மெயிலின் துணை ஆசிரியர், மறுபடி ஃபைனான்சியல் டைம்ஸில் அமெரிக்கப் பதிப்பின் பொறுப்பு, 2010 முதல் ரொய்ட்டர்ஸ். 2012இல் 'பிளூட்டோக்ரட்ஸ்' என்ற இரண்டாவது நூல். உலகப் பெரும் பணக்காரர்கள் எப்படித் தனி நாடு மாதிரி மற்றவர்களிடமிருந்து பிரிந்து போகிறார்கள் என்பது பற்றியது. அடுத்த வருடம் லயனல் கெல்பர் பரிசு வாங்கியது.

நல்ல சம்பள வேலையை விட்டு ஏன் அரசியல்?

2013இல் லிபரல் கட்சித் தலைமைக்கு வந்த ட்ரூடோ கூப்பிட்டார். கட்சி அப்போது நாடாளுமன்றத்தில் மூன்றாம் இடத்தில் கிடந்தது, அமைச்சர் பதவிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. குடும்பம் நியூயோர்க்கில், பிள்ளைகள் மூன்று. அதற்குள்தான் மூட்டை கட்டினார்.

ரொறன்ரோ சென்ரர் தொகுதி இடைத்தேர்தல், 2013 நவம்பர் 25. இவரை எதிர்த்து என்டிபி கட்சி நிறுத்தியது லிண்டா மக்குவேக்கை. அவரும் பத்திரிகையாளர், அவரும் கோடீஸ்வரர்களைப் பற்றி நூல் எழுதியவர்! பணக்காரரைத் திட்டிப் புத்தகம் எழுதிய இரண்டு பெண்கள் வாக்குக் கேட்டு ஒரே கதவைத் தட்டிய தேர்தல் அது. ஃபிரீலாண்ட் வென்றார். 2015இலிருந்து யூனிவர்சிட்டி-ரோஸ்டேல் தொகுதி.

பெல்ஜியத்தில் அழுதாராமே?

கண் கலங்கியது கமெராவில் இருக்கிறது. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2009இலிருந்து பேசிக்கொண்டிருந்த வர்த்தக ஒப்பந்தம் 2016 ஒக்டோபரில் முடியும் தறுவாய். அப்போது பெல்ஜியத்துக்குள் இருக்கும் வலோனியா என்ற பிராந்தியம் மட்டும் மாட்டேன் என்றது. அதன் சம்மதமில்லாமல் பெல்ஜியம் கையெழுத்திட முடியாது, பெல்ஜியம் இல்லாமல் ஒன்றியம் கையெழுத்திட முடியாது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த ஃபிரீலாண்ட், வலோனியாவின் தலைநகர் நமூரில் 21ஆம் திகதி கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வந்தார். கனடா மாதிரிப் பொறுமையான, நல்ல நாட்டோடுகூட இவர்களால் ஒப்பந்தம் போட முடியவில்லையே என்றார். நாளைக் காலை என் மூன்று பிள்ளைகளோடு வீட்டில் இருப்பேன் என்றார். குரல் தழுதழுத்தது.

எதிர்க்கட்சி கேலி செய்தது. ஒன்பது நாள் கழித்து, 30ஆம் திகதி பிரசல்ஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அழுகைதான் காரியத்தை முடித்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அன்று இரவு ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் வலோனியா பிடிவாதக்காரனாகவும் கனடா பாவமாகவும் தெரிந்தன. எந்தப் படம் செய்தியாகும் என்பது இவருக்குத் தெரியாத விஷயமா?

ட்ரம்புக்கு ஏன் இவர் மேல் அவ்வளவு கோபம்?

நாஃப்டா. கனடா, அமெரிக்கா, மெக்சிகோ என்ற மூன்று நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தைக் கிழிப்பேன் என்று ட்ரம்ப் வந்தபோது எதிரில் உட்கார்ந்தவர் ஃபிரீலாண்ட். நிருபர்கள் மைக்கை நீட்டும் ஒவ்வொரு முறையும் "பகிரங்கமாகப் பேரம் பேசமாட்டேன்" என்ற அதே பதில். நிருபராக இருந்தபோது இப்படியொரு பதில் வந்திருந்தால் இவரே எரிந்து விழுந்திருப்பார்.

2018 செப்டெம்பர் 26ஆம் திகதி ட்ரம்ப், "அவர்களுடைய பிரதிநிதியை எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை" என்றார். நான்காம் நாள் இரவு, கெடு முடியப் போகும் நேரத்தில் உடன்பாடு வந்தது. கனடா பால் சந்தையைக் கொஞ்சம் திறந்துவிட்டது. பிணக்குகளைத் தீர்க்கும் பொறிமுறையை விட்டுக்கொடுக்கவில்லை. பால் பண்ணைக்காரர்களுக்கு இன்றும் மனத்தாங்கல்.

சவூதி சண்டை என்ன?

ஒரு ட்வீட். 2018 ஓகஸ்ட் தொடக்கத்தில் கைதான பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்களை விடுவிக்கும்படி கேட்டார். சவூதி அரசு கனடாத் தூதரை வெளியேற்றி, கனடாவில் படித்த தன் மாணவர்களையும் திருப்பியழைத்தது. உறவு சீராக 2023 மே ஆனது.

அம்மப்பா நாஜிகளின் பத்திரிகையாசிரியரா? இது ரஷ்யப் பொய் என்கிறார்களே?

பொய் இல்லை. தாயின் தகப்பன் மிகைலோ ஹோமியாக், நாஜிகள் பிடித்திருந்த போலந்தின் கிராகோவ் நகரில் 'கிராகிவ்ஸ்கி விஸ்தி' என்ற உக்ரைன் மொழிப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். ஜேர்மன் அதிகாரிகளின் அனுமதியோடு நடந்த பத்திரிகை. யூத வெறுப்புக் கட்டுரைகள் அதில் வந்தன.

2017இல் இவர் வெளிநாட்டமைச்சரானதும் ரஷ்ய ஆதரவுத் தளங்கள் இதைத் தூக்கிப் பிடித்தன. அவர்களுடைய நோக்கம் நல்லதல்ல. 2014இலேயே ரஷ்யா தன் நாட்டுக்குள் வர இவருக்குத் தடை போட்டிருந்தது. ஆனால் நிருபர்கள் நேரடியாகக் கேட்டபோது, ரஷ்யா மேற்கு ஜனநாயகங்களைக் குழப்பப் பார்க்கிறது என்று சொல்லி வழுக்கிவிட்டார். பிறகு குளோப் அன்ட் மெயில் தோண்டியபோது, இருபது வருடத்துக்கு மேலாகவே விஷயம் இவருக்குத் தெரியும் என்பதும், வரலாற்றாசிரியரான உறவினர் 1996இல் அதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கு இவரே உதவினார் என்பதும் வெளிவந்தன.

அம்மப்பா செய்ததற்குப் பேத்தி பொறுப்பில்லை. "ஆமாம், அவர் அங்கே வேலை செய்தார், எனக்குத் தெரியும்" என்று ஒரு வரி போதுமாக இருந்தது. பிகிவ்னியாவில் மூடிய குழியைத் தோண்ட உதவியவரிடமிருந்து அந்த ஒரு வரி வராததுதான் எனக்கு உறுத்தல்.

10 டொலர் டேகேர் இவர் கொண்டுவந்ததா?

யோசனை புதிதல்ல. கியூபெக் 1997இல் நாளுக்கு 5 டொலர் என்று தொடங்கிவிட்டது. மற்ற மாகாணங்களுக்கு, தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு பல தடவை வாக்குறுதி கொடுத்து, பல தடவை கைவிட்டது.

2020 ஓகஸ்டில் இவர் நிதியமைச்சரானார். கொரோனாவில் பள்ளியும் டேகேரும் மூட, வேலையை விட்டவர்களில் பெரும்பாலானோர் தாய்மார். 2021 ஏப்ரல் 19இல் இவர் சமர்ப்பித்த முதலாவது வரவு செலவுத் திட்டம் ஐந்து வருடத்துக்கு 30 பில்லியன் டொலர் ஒதுக்கியது. நிதியமைச்சராகவும் வேலைக்குப் போகும் தாயாகவும் வாக்குக் கொடுக்கிறேன் என்று சபையில் சொன்னார். மாகாணம் மாகாணமாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. கடைசியாகக் கையெழுத்திட்டது நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ, 2022 மார்ச் 28.

காசைப் பார்ப்போம். அதற்கு முன் ரொறன்ரோவில் கைக்குழந்தை ஒன்றுக்கு மாதம் 1,500 டொலருக்கு மேல் போகும். ஸ்காபரோவில் எத்தனை வீடுகளில் அம்மம்மாவைச் சுப்பர் விசாவில் (பெற்றோர் நீண்டநாள் வந்து தங்கும் விசா) கூப்பிட்டுப் பிள்ளை பார்க்க வைத்தார்கள்! பனிக்காலம் முழுக்க அந்த மனுசி பேஸ்மென்ட் யன்னலால் காருடைய ரயரைப் பார்த்துக்கொண்டு இருந்ததுதான் மிச்சம். 2025 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில், திட்டத்தில் சேர்ந்த நிலையங்கள் நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்க முடியாது. மாதம் 20 வேலைநாள் என்றால் 440 டொலர். பத்து டொலர் இல்லை, ஆனாலும் வித்தியாசம் வீட்டு மோர்ட்கேஜில் தெரியும்.

இனி மற்றப் பக்கம். விலை குறைந்ததும் கேட்பவர்கள் கூடினார்கள், இடம் அந்த அளவுக்குக் கூடவில்லை. என் சிநேகிதி வயிற்றில் பிள்ளை நான்கு மாதமாக இருக்கும்போதே மூன்று நிலையங்களில் பெயர் பதிந்தாள். பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இடம் கிடைத்தவர்களுக்கு இவர் தெய்வம். வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இவருடைய பிழைகள்?

2022 பெப்ரவரி. கொரோனாத் தடுப்பூசி விதிகளுக்கு எதிராக ஒட்டாவாவை அடைத்துக்கொண்டு நின்ற லொறிக்காரரின் போராட்டத்தை அடக்க அவசரகாலச் சட்டம் வந்தபோது, நீதிமன்ற உத்தரவில்லாமலே வங்கிக் கணக்குகளை முடக்கலாம் என்று அறிவித்தவர் இவர். ஏறத்தாழ 280 கணக்குகள் முடங்கின. அந்தச் சட்டத்தைக் கையிலெடுத்தது நியாயமற்றது என்று 2024 ஜனவரியில் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போராட்டக்காரரை எனக்கும் பிடிக்காது. ஆனால் அரசாங்கம் நினைத்தால் கணக்கைப் பூட்டலாம் என்ற செய்தியை எங்கள் சமூகம் எப்படி வாசிக்கும் என்று ஒட்டாவாவில் யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

அதே வருடம் விலைவாசி ஏறி மக்கள் தவித்தபோது, தன் வீட்டில் டிஸ்னி பிளஸ் சந்தாவை நிறுத்தியதைச் சிக்கனத்துக்கு உதாரணமாகச் சொன்னார். மாதம் 13.99 டொலர். வாங்கிக் கட்டிக்கொண்டார், பிறகு வருத்தமும் தெரிவித்தார்.

அந்தக் கடிதத்தில் அப்படி என்ன இருந்தது?

சின்னக் கடிதம்தான். நாள்தான் முக்கியம்.

2024 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. ட்ரூடோ ஸூமில் வந்து, நிதியமைச்சு இனி உங்களிடம் இருக்காது, வேறு பதவி தருகிறேன் என்றார். ஆனால் திங்கட்கிழமை அரசின் பொருளாதார அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டியவரும் இவரே. அதில் பற்றாக்குறை 61.9 பில்லியன், 40.1க்கு மேல் போகாது என்று முன்பு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதாவது கெட்ட கணக்கை நீ வாசி, பிறகு எழும்பிப் போ.

சனி, ஞாயிறு சத்தமில்லை. திங்கள் காலை, அறிக்கைக்குச் சில மணி நேரம் முன், இராஜினாமாக் கடிதம் இணையத்தில். வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதை முதல் வரிகளிலேயே போட்டு உடைத்தார். ட்ரம்பின் 25 சதவீத இறக்குமதித் தீர்வை மிரட்டல் தலைக்கு மேல் நிற்கும்போது வரப்போகும் சண்டைக்குக் காசைக் கையில் வைத்திருக்க வேண்டும், கட்டுப்படியாகாத அரசியல் வித்தைகளைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதினார். வித்தை என்றது எதை என்று எல்லாருக்கும் விளங்கியது: இரண்டு மாத விற்பனை வரி விடுமுறை, 250 டொலர் காசோலை.

அந்த வரி விடுமுறையைச் சபையில் நிறைவேற்றியபோது நிதியமைச்சர் யார் என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. இவர்தான். வெள்ளிக்கிழமை பதவி போகாதிருந்தால் திங்கட்கிழமை அந்தக் கணக்கையே நியாயப்படுத்திக்கொண்டு நின்றிருப்பார். ஆகவே இதைத் தியாகம் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் செய்தியை எப்போது அச்சுக்கு அனுப்பினால் எதிராளிக்குப் பதில் எழுத நேரம் இருக்காது என்பதை ஒட்டாவாவில் இவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்கவில்லை. அன்றே டொமினிக் லெப்லாங்க் அவசர அவசரமாகப் புதிய நிதியமைச்சராகப் பதவியேற்றார். மூன்று வாரம் கழித்து, 2025 ஜனவரி 6, ட்ரூடோ தன் வீட்டு வாசலில் குளிருக்குள் நின்று விலகுவதாக அறிவித்தார்.

பிறகு ஏன் பிரதமராகவில்லை?

லிபரல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டார். மார்ச் 9இல் மார்க் கார்னி 85.9 சதவீதம், இவர் 8 சதவீதம். ட்ரூடோவைத் தள்ளியது இவராக இருந்தாலும், பத்து வருடமாக ட்ரூடோவின் வலதுகையாக இருந்ததும் இவர்தான். சனம் புது முகம் கேட்டது. அந்தப் புது முகம் இவர் மகனுக்கு ஞானத்தந்தை என்பது இன்னொரு கதை.

பிரதமரான கார்னியின் கீழ் போக்குவரத்து அமைச்சராக இருந்துவிட்டு 2025 செப்டெம்பரில் அமைச்சரவையை விட்டார்.

தமிழர் யாராவது இவரோடு அமைச்சரவையில் இருந்தார்களா?

2023 ஜூலையிலிருந்து ஹரி ஆனந்தசங்கரி. தமிழ்நாட்டுத் தகப்பனுக்குப் பிறந்த அனிதா ஆனந்தும் பல வருடம் சக அமைச்சர். ஒருகாலத்தில் ஃபிரீலாண்ட் இருந்த வெளிநாட்டமைச்சர் கதிரைக்கு 2025 மேயில் வந்தார்.

இப்போது எங்கே?

அமைச்சரவையை விட்டதும் உக்ரைன் மீள்கட்டுமானத்துக்குக் கனடாவின் சிறப்புப் பிரதிநிதி. 2026 ஜனவரியில் ஸெலென்ஸ்கி தன் பொருளாதார ஆலோசகராக நியமித்தார். ஒரே நேரத்தில் கனடிய எம்.பி.யாகவும் இன்னொரு நாட்டு ஜனாதிபதியின் ஆலோசகராகவும் இருப்பதா என்று எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது. அதே மாதம் எம்.பி. பதவியையும் விட்டார். அடுத்தது, மாணவியாக உதவித்தொகை வாங்கிய ரோட்ஸ் அறக்கட்டளையிலேயே தலைமைப் பொறுப்பு.

இவரிடம் கார் இல்லை என்பது உண்மையா?

2023 ஜூலையில் இவரே சொன்னார்: ரொறன்ரோ நடுவில் வீடு, சப்வேக்கு 300 மீற்றர், கார் வேண்டாம், சைக்கிள் போதும். பஸ்ஸே வராத ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த மாதம் சொந்த ஊர்ப் பக்கம், பீஸ் ரிவருக்கும் கிராண்ட் பிரேரிக்கும் இடையில், மணிக்கு 132 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஓட்டிப் பொலிஸில் மாட்டினார். தண்டம் 273 டொலர். கட்டிவிட்டார்.